900 அகலம், சரி... எத்தனை கிலோ?

நேத்து ஒரு டிராயிங் வந்துச்சு. ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரி விரிவாக்கம். பவர் கண்ட்ரோல் சென்டர் (பிசிசி) ரூம்ல இருந்து புது ஷெட்டுக்கு கேபிள் ட்ரே போற வழி.

ட்ரே அகலம் போட்டிருக்கு. தகடு கனம் போட்டிருக்கு. கால்வனைசிங் எத்தனை மைக்ரான்னுகூட போட்டிருக்கு. திரும்புற இடத்துல எல்லாம் அழகா அம்புக்குறி.

கீழ ஓரமா ஒரு குறிப்பு: "சப்போர்ட்டுகள் தேவையான இடங்களில்."

யாருக்குத் தேவையான இடம்ங்க? கான்ட்ராக்டரைக் கேட்டா மூணு மீட்டருக்கு ஒண்ணு போதும்பாரு (அது மொத்தத் தொகை பில்லா இருந்தா. ஆங்கிளுக்கு கிலோ ரேட்டுன்னா அரை மீட்டருக்கு ஒண்ணு தேவைப்படும்).

எரிச்சல்ல எழுதுறேன், கொஞ்சம் நீளும். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

ட்ரேன்னு சொன்ன உடனே எல்லாரும் கேக்குற அடுத்த கேள்வி "எத்தனை அகலம்?" 300, 450, 600, 750, 900. எத்தனை கிலோன்னு யாராவது கேட்டா எனக்கு அவங்க கையைப் பிடிச்சுக் குலுக்கணும்போல இருக்கும். அகலம் கேபிளுக்குப் படுக்க இடம் குடுக்கும், அவ்ளோதான். பாரத்தைத் தாங்குறது ரெண்டு பக்கமும் ஓடுற ரன்னர் தகடு. அதுக்குக் கீழ இருக்குற சப்போர்ட். பல கேட்டலாக்ல 300 ட்ரேவுக்கும் 900 ட்ரேவுக்கும் ரன்னர் ஒரே உயரம், ஒரே கனம்தான். எடுத்து வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. அகலமா இருந்தா நிறைய தாங்கும்னு நம்பிக்கிட்டு இருந்தவங்களுக்குக் கொஞ்சம் கசக்கும்.

இந்த டிராயிங்கையே எடுத்துக்குவோம்.

12 ரன் கேபிள். எல்லாமே மூணரை கோர் 240 ஸ்கொயர், அலுமினியம், எக்ஸ்எல்பிஇ, ஆர்மர்டு. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். வெளி விட்டம் 55 மி.மீ., எடை மீட்டருக்கு நாலரை கிலோன்னு வெச்சுக்கலாம்.

ஒரே வரிசையில ஒட்டி ஒட்டிப் படுக்க வெச்சா 12 × 55 = 660 மி.மீ. நாளைக்கு எவனாவது "சார், இன்னும் ரெண்டு ரன் மட்டும்"னு வந்து நிப்பான் (வருவான். கண்டிப்பா வருவான்). அவனுக்காக 25 சதவீதம் இடம் விட்டா 15 கேபிள், 825 மி.மீ. அதுக்கு மேல கிடைக்கிற அளவு 900. இது வரைக்கும் டிராயிங் போட்டவரு சரியாத்தான் வந்திருக்காரு.

இப்ப கிலோ. 15 × 4.5 = மீட்டருக்கு 67.5. காலியா விட்ட இடத்துக்கும் இப்பவே எடை போட்டுடணும். அந்த ரெண்டு ரன்காரன் வர்ற அன்னிக்கு சப்போர்ட்டை மாத்தவா போறோம்?

அடுத்து ட்ரேவோட சொந்த எடை. ஒரே ஒரு நம்பரை மனப்பாடம் பண்ணிக்கோங்க: 7.85. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு மி.மீ. கனத்துல, 7.85 கிலோ. ரன்னர் 100 உயரம், மேலயும் கீழயும் 20 மடிப்பு, தகடு 2 மி.மீ. ரெண்டு ரன்னரும் சேர்த்து மீட்டருக்கு 4.4 கிலோ. குறுக்கால போற ரங் 80 மி.மீ. பட்டையை மடிச்சதுன்னு வைங்க, 250 மி.மீ.க்கு ஒண்ணு, மீட்டருக்கு நாலு. அது ஒரு நாலரை. மேல துத்தநாகப் பூச்சு அரை கிலோ. ஆக மொத்தம் ஒன்பதரை கிலோ.

(இந்த 7.85 இன்னொரு இடத்துலயும் கை குடுக்கும். 2 மி.மீ. கேட்டா 1.6 மி.மீ.ல அடிச்சு அனுப்புற ஆளுங்க இருக்காங்க. பார்த்தா வித்தியாசம் தெரியாது. எடை மேடை ரசீதுல இருபது சதவீதம் குறையும். வெர்னியர் எடுத்துக்கிட்டு ட்ரே ட்ரேவா அளக்குறதை விட ரசீது வாங்கிப் பார்க்குறது சுளுவு.)

கேபிளும் ட்ரேவும் சேர்ந்து மீட்டருக்கு 77 கிலோ. இந்த நம்பரை மறந்துடாதீங்க, கடைசி வரைக்கும் இதை வெச்சுத்தான் பேசப் போறேன்.

இதே 240 ஸ்கொயரை பர்சேஸ்ல யாரோ காப்பருக்கு மாத்துறாங்கன்னு வைங்க. சைஸ் அதேதான், ட்ரே அகலமும் அதேதான், யாரும் நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க. மூணு கோர் 240, நியூட்ரல் 120, மொத்தம் 840 ஸ்கொயர் மி.மீ. உலோகம். அலுமினியத்துல அது மீட்டருக்கு 2.3 கிலோ. காப்பர்ல 7.5. ஒரு கேபிளுக்கே அஞ்சு கிலோவுக்கு மேல ஏறிடும். 77 கிலோ இருந்த ட்ரே 155 ஆயிடும். டிராயிங்ல ஒரு கோடுகூட மாறியிருக்காது.

சரி, இடைவெளிக்கு வருவோம்.

ரெண்டு சப்போர்ட்டுக்கு நடுவுல ட்ரே ஒரு உத்தரம் மாதிரிதான். பரவலா பாரம் இருந்தா பெண்டிங் மொமென்ட் என்னன்னு டிப்ளமாவுல படிச்சிருப்போம்: எடையை இடைவெளியோட வர்க்கத்தால பெருக்கி எட்டால வகுக்கணும். ஒன்றரை மீட்டருக்கு ஒரு சப்போர்ட்னா 77 × 1.5 × 1.5 ÷ 8 = 22 கிலோ-மீட்டர். (தூரம் இல்லைங்க. மைல்கல் தேடாதீங்க.) மூணு மீட்டருக்கு ஒண்ணுன்னா 87.

இடைவெளி ரெண்டு மடங்கு, மொமென்ட் நாலு மடங்கு. தொய்வு இன்னும் மோசம், பதினாறு மடங்கு. கான்ட்ராக்டர் மிச்சம் பிடிச்சது பாதி சப்போர்ட். ட்ரே மேல ஏறுனது இவ்ளோ.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. ஹெல்பர்.

ஏணி போட்டு எடுத்து மறுபடி போட்டு யாரு அலையுறது? பையன் ட்ரே மேலயே ஏறி நின்னு கிளாம்ப் அடிச்சுக்கிட்டே போவான்.

"தம்பி, ட்ரே மேல ஏறாதப்பா. கீழ இறங்கு."

"சார், இத்தனை கேபிளையே தாங்குது, நான் அறுபது கிலோதான் சார்!"

நியாயமான வாதம்தான். ஃபோர்மேன்கூட தலையை ஆட்டுனாரு. கணக்கு வேற சொல்லுது. அவன் அறுபது, இடுப்புல டூல் பேக், கையில கிளாம்ப் மூட்டை, எல்லாம் சேர்த்து 80 கிலோ வெச்சுக்குங்க. நட்ட நடுவுல நிக்கிற ஒத்தை பாரத்துக்கு மொமென்ட் எடை × இடைவெளி ÷ 4. ஒன்றரை மீட்டர்ல 80 × 1.5 ÷ 4 = 30.

கேபிளும் ட்ரேவும் சேர்ந்து குடுத்தது 22. இவன் ஒருத்தன் 30.

பதினஞ்சு பெரிய கேபிளை விட ஒரு ஒல்லிப் பையன் அதிகம்! காரணம், கேபிள் ஒன்றரை மீட்டர் முழுக்கப் பரவிப் படுத்திருக்கு, அவன் நடுவுல ரெண்டு காலை ஊனி நிக்கிறான். சரி, ரெண்டு காலையும் எங்க ஊனுவான்? ரங் மேல வழுக்கும், அதனால ஒரு பக்க ரன்னர் ஓரமா நிப்பான். கேபிள் பாரம் ரெண்டு ரன்னருக்கும் பாதிப் பாதி. அவன் பாரம் மொத்தமும் ஒரே ரன்னருக்கு. மூணு மீட்டர் இடைவெளின்னா அந்த ரன்னருக்கு கேபிளும் ட்ரேவுமா வர்றது 43, அவனால வர்றது 60.

ட்ரே மேல நடக்கக் கூடாதுன்னு கேட்டலாக்ல பெரிய எழுத்துல போட்டிருப்பாங்க. நாம கேட்டலாக்கை ஹெல்பர்கிட்ட காட்டுறது கிடையாது.

இதை எல்லாம் பேப்பர்ல போட்டுக் காட்டுனா நம்ம சைட்டுல எவரும் அசையல. "சார், கணக்கு வேற, சைட் வேற." ரொம்பப் பழைய வசனம். அதனால சிமென்ட் மூட்டையை எடுத்தோம்.

மூட்டை 50 கிலோ, எடை போட வேண்டியதே இல்ல. ட்ரேயில மூணு மீட்டருக்கு வர வேண்டிய கேபிள் எடை 202 கிலோ, நாலு மூட்டை. தரையில ரெண்டு சேனல் துண்டைப் போட்டு மூணு மீட்டர் இடைவெளியில ட்ரேவை வெச்சு, ரெண்டு முனைக்கும் நூல் கட்டி, மூட்டையைச் சமமா பரப்பினோம். (இது லேப் டெஸ்ட் இல்ல, யாரும் சர்டிஃபிகேட் கேக்காதீங்க.)

கணக்குப்படி நடுவுல தொய்வு கிட்டத்தட்ட 6 மி.மீ. வரணும். முதல் தடவை நூல்ல பார்த்தப்ப அதைத் தாண்டி நல்லாவே இறங்கியிருந்துச்சு. ஃபோர்மேன் முகத்துல ஒரு வெற்றிப் புன்னகை, "கணக்கு வேற சார்."

குனிஞ்சு பார்த்தா விஷயம் ரெண்டு ட்ரேவை இணைக்கிற கப்ளர்ல இருந்துச்சு. நம்ம ஊர்ல ட்ரே இரண்டரை மீட்டர் நீளத்துல வரும். மூணு மீட்டர் இடைவெளிக்குள்ள எங்கயாவது ஒரு ஜாயிண்ட் வந்தே தீரும். நாங்க அதை நட்ட நடுவுல வெச்சிருந்தோம். போல்ட் ஓட்டை சிலாட்டா இருக்குறதால அந்த விளையாட்டு அப்படியே தொய்வா இறங்கிடுச்சு, அடியில ரன்னர் துண்டுகள் சேர்ற இடத்துல இடைவெளி தெரிஞ்சுது.

மூட்டையை இறக்கி, ஜாயிண்ட்டை சப்போர்ட்ல இருந்து கால்வாசி தூரத்துக்கு நகர்த்தி, போல்ட்டை இறுக்கி மறுபடி அடுக்கினோம். தொய்வு நல்லாவே குறைஞ்சுது. நடுவுல இருக்குற மொமென்ட்ல முக்கால்வாசிதான் அங்க இருக்கும். பல சப்போர்ட் மேல தொடர்ச்சியா ஓடுற ட்ரேன்னா நடு ஸ்பான்கள்ல அந்த இடத்துல இன்னும் ரொம்பக் குறைவு. அதனாலதான் ஜாயிண்ட்டை நடுவுலயும் வைக்காதே, சப்போர்ட் தலை மேலயும் வைக்காதே, கால்வாசியில வைன்னு சொல்றாங்க.

அப்புறம் ஏழு மூட்டை ஏத்தினோம். ஏன் ஏழு? ஐஇசி 61537-ன்னு ட்ரே லேடருக்கான ஸ்டாண்டர்டு இருக்கு. அதுல பாதுகாப்பான பாரத்தை ஏத்துனா தொய்வு இடைவெளியில நூத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதோட 1.7 மடங்கு ஏத்துனாலும் ட்ரே விழுந்துடக் கூடாது. 202-ஐ 1.7-ஆல பெருக்குனா 343 கிலோ, ஏழு மூட்டை.

விழல. ஆனா ரன்னர் நேரா தொய்யாம மேல் விளிம்பு ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சுது. சூத்திரம் ரன்னர் நேரா நிக்கும்னு நம்பிக்கிட்டுப் போடுறது. 2 மி.மீ. தகடுக்கு அந்த நம்பிக்கை தெரியாது, பாரம் ஏறுனா முறுக்கிக்கும். அதனால சூத்திரத்தை நான் ஒரு முதல் பார்வைக்குத்தான் வெச்சுக்குறேன். வாங்குறப்ப ஜாயிண்ட்டோட சேர்த்து சோதிச்ச பார அட்டவணை கேளுங்க. இடைவெளிக்கு எதிரா கிலோ போட்ட சார்ட். அது இல்லாத கம்பெனிக்காரர் "சார், எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க"ம்பாரு.

ஒன்றரை மீட்டருக்கு சப்போர்ட்டை நகர்த்தி வெச்சுப் பார்த்தோம். நூல்ல ஒண்ணுமே தெரியல. ஃபோர்மேன் எதுவும் சொல்லல, மூட்டையை எல்லாம் ஸ்டோர்ஸுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னாரு. (ரெண்டு மூட்டை கிழிஞ்சதுக்கு ஸ்டோர்ஸ்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே...)

அந்த நூத்துல ஒரு பங்கு விஷயத்துல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மூணு மீட்டர்ல 30 மி.மீ. தொய்வு ஸ்டாண்டர்டுபடி பாஸ். கண்ணுக்கு அது அலையடிச்ச மாதிரி தெரியும். பணம் குடுக்குறவரு கீழ நின்னு மேல பார்த்து "என்னங்க இது?"ன்னு கேக்குறப்ப ஐஇசி நம்பரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

அமெரிக்கக்காரங்க வழி வேற. நீமா விஇ 1-ல இடைவெளி 8, 12, 16, 20 அடி, பாரம் ஏ, பி, சி. அடிக்கு 50, 75, 100 பவுண்டு. உடையுற பாரத்தை 1.5-ஆல வகுத்தது. நம்ம 77 கிலோ அடிக்கு 52 பவுண்டு ஆகுது, ஏ-வைக் கொஞ்சம்போல தாண்டி பி-க்குள்ள விழுது. இப்படி விளிம்புல வர்ற கேஸை ஏ-லயே தள்ளிவிட ஆசை வரும். தள்ளாதீங்க.

ட்ரே தாங்கிடுச்சு, சரி. சப்போர்ட்?

மூணு மீட்டருக்கு ஒரு சப்போர்ட்னா ஒவ்வொண்ணுக்கும் 231 கிலோ வரும். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணு ட்ரே தொங்கவிட்டா 700 கிலோ. சுவத்துல இருந்து கை நீட்டின மாதிரி பிராக்கெட் அடிச்சீங்கன்னா இன்னும் வேடிக்கை. 900 ட்ரேவோட நடு, சுவத்துல இருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கும். 231 × 0.5 = 115. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 150 மி.மீ. இடைவெளின்னா மேல் போல்ட்டை சுவத்துல இருந்து பிடுங்குற இழுவை 770 கிலோ. 231 கிலோ பாரத்துக்கு 770 கிலோ இழுவை! அதுவும் செங்கல் சுவத்துல, பூச்சுக்குள்ள பாதி புதைஞ்ச ஃபாஸ்னர்ல. நான் பார்த்த வரைக்கும் ட்ரே உடைஞ்சு விழுறதை விட சப்போர்ட் பிடுங்கிக்கிட்டு வர்றதுதான் அதிகம்.

சிலர் சொல்வாங்க, "எதுக்கு 900? ரெண்டு அடுக்கா போட்டா 450 போதுமே." ஆமா, அகலம் பாதியாகும். கிலோ பாதியாகாதுங்க, அப்படியேதான் இருக்கும். கூடவே சூடு. ஐஇசி 60364 அட்டவணைப்படி ஒன்பது கேபிள் லேடர் மேல ஒரே வரிசையில ஒட்டிக் கிடந்தா கேபிளோட கரன்ட் தாங்குற திறன் 0.78 மடங்குதான். ஓட்டை போட்ட ட்ரேன்னா 0.72. குவியலா கட்டிப் போட்டா 0.50. கேபிளுக்கு 400 ஆம்பியர்னு வெச்சா 312, 288, 200. ட்ரேயில மிச்சம் பிடிச்ச காசை கேபிள்ல தொலைக்கிறதுக்கு இதை விட நேர்வழி கிடையாது.

ஷார்ட் சர்க்யூட் பத்தி ஒரு வார்த்தை. சிங்கிள் கோர் கேபிளை முக்கோணமா கட்டி ஓட்டுறவங்களுக்கு மட்டும். 50 கிலோ ஆம்பியர் ஃபால்ட், முதல் உச்சம் 105 கிலோ ஆம்பியர், கேபிள் மையங்களுக்கு நடுவுல 40 மி.மீ. ஐஇசி 61914 சூத்திரத்துல போட்டா ஒரு மீட்டருக்குக் கேபிள்கள் ஒண்ணை ஒண்ணு தள்ளுற விசை 4.8 டன் கிட்ட வருது. கண் இமைக்கிற நேரம்தான், ஆனா அதை நைலான் டை வெச்சுக் கட்டியிருக்கிறதைப் பார்த்தா வயித்தைக் கலக்கும்.

வெளியில பைப் ரேக் மேல போற ட்ரேவுக்குக் காத்து. சென்னைக்கு ஐஎஸ் 875-ல அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மத்த காரணிகளை எல்லாம் ஒண்ணுன்னு வெச்சா சதுர மீட்டருக்கு 150 கிலோ அழுத்தம். 900 அகல மூடியை அது மேல தூக்குனா மீட்டருக்கு 135 கிலோவுக்கு மேல. கேபிளோட எடையை விட அதிகம்! 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்ப சென்னையில இருந்தவங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. மூடிக்கு கிளாம்ப் எண்ணிக்கையை இதை மனசுல வெச்சுப் போடுங்க.

கடைசியா பெண்டு. டிராயிங்ல 90 டிகிரி பெண்டு உள் ஆரம் 300-ன்னு போட்டிருந்துச்சு. ஐஎஸ் 1255-படி இந்த மாதிரி மல்டி கோர் ஆர்மர்டு கேபிளை அதோட விட்டத்துல 12 மடங்குக்குக் குறைவான ஆரத்துல வளைக்கக் கூடாது. 55 × 12 = 660. 300 ஆரத்துல கேபிள் திரும்பவே திரும்பாது. நாலு பேரு கயிறு போட்டு இழுத்தா திரும்பும், ஆனா எல்லாக் கேபிளும் உள் பக்க ரன்னர் மேல போய் ஏறிக்கும், அந்த ரன்னர் வெளியில பிதுங்கும். பெண்டு ஆரம்பிக்கிற இடத்துல ஒண்ணு, முடியுற இடத்துல ஒண்ணு, 600 மி.மீ.க்குள்ள சப்போர்ட் வேணும்னு சொல்றது இந்த பாரத்துக்காகத்தான்.

ஸ்டாண்டர்டு அளவுல 600 வரைக்கும் சுலபமா கிடைக்கும், 660-க்கு அதுவும் பத்தாது. 700 ஆரம் கேளுங்க. ஃபேப்ரிகேட்டர் "ஸ்பெஷல் ரேட் சார்"ம்பாரு. பேரம் பேசிட்டு குடுத்துடுங்க, 240 ஸ்கொயர் கேபிளை வெட்டி எறியுற காசை விட அது பெரிசில்ல. சைட்டுலயே நேர் ட்ரேவை கிரைண்டர்ல அறுத்து ஒட்டி பெண்டு பண்ணித் தர்றேன்னு ஒருத்தர் முன்வருவாரு. அவரை டீக்கு அனுப்பிடுங்க.